தினம் ஒரு குழி

முகாமின் பெயர் கேம்ப் கிரீன் லேக். பச்சை ஏரி முகாம். அங்கே ஏரியும் இல்லை, பச்சையும் இல்லை. டெக்சஸில் ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்து, நூறு வருடத்துக்கு மேலாக மழையே பார்க்காமல் வெடித்துக் கிடக்கிற பொட்டல். திருட்டு, அடிதடி என்று பிடிபட்ட பையன்களை ஜெயிலுக்குப் பதிலாக அங்கே அனுப்புகிறார்கள். வேலை ஒன்றுதான்: தினம் ஒரு குழி. ஐந்தடி ஆழம், ஐந்தடி அகலம். கையில் இருக்கிற ஷவலே அளவுகோல். அது குழிக்குள் எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தாலும் தட்டாமல் படுக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால், குணம் சீர்படும் என்கிறார்கள்.

ஸ்டான்லிக்கு நீதிபதி கொடுத்த வாய்ப்பு இரண்டு. ஜெயில் அல்லது முகாம். ஏழை வீட்டுப் பையன், சம்மர் கேம்ப் என்று எங்கேயும் போனதில்லை. சரி, முகாமே இருக்கட்டும் என்கிறான். லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்' நாவல் இப்படிச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒரே வாயில் வருகிற மாதிரி தொடங்குகிறது. 1998-ல் வந்தது. அதே வருடம் சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்க தேசியப் புத்தக விருது, அடுத்த வருடம் நியூபெரி பதக்கம். 2003-ல் வால்டன் மீடியாவும் டிஸ்னியும் சேர்ந்து படமாக்கின. இயக்கம் ஆண்ட்ரூ டேவிஸ்.

பதின்வயதினர் நாவலைக் குடும்பப் படமாக எடுக்கும்போது வழக்கமாக நடப்பது என்னவென்று நமக்குத் தெரியும். கிளைக்கதைகளை வெட்டுவார்கள். நாயகனுக்கு வயதைக் கூட்டுவார்கள். பெர்சி ஜாக்சன் முதல் புத்தகத்தில் பன்னிரண்டு வயதுப் பையன். 2010-ல் வந்த படத்தில் அவன் காலேஜ் வாசலில் நிற்கிற வயதில் இருந்தான். எழுதியவர் ரிக் ரியர்டனே அந்தப் படத்தின் மேல் தனக்குள்ள கசப்பை மறைக்கவில்லை. இதற்கெல்லாம் சொல்லப்படுகிற காரணம் ஒன்றுதான்: "பிள்ளைகளுக்குப் புரியாது." 'ஹோல்ஸ்' படம் எனக்கு ரொம்பப் பிடித்ததற்குக் காரணம் அது இந்தப் பேச்சை நம்பவில்லை என்பதுதான். நாவலில் மூன்று காலங்களில் மூன்று கதைகள் பின்னிக் கிடக்கின்றன. 117 நிமிடத்தில் அந்த மூன்றும் இருக்கின்றன. எதையும் அவிழ்த்து நேராக்கி வைக்கவில்லை.

அதற்குள் போவதற்கு முன் அந்தக் குழியைப் பற்றிக் கொஞ்சம். படம் பார்க்கிறவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் பக்கம் தென்னங்கன்று வைக்க மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுப்பார்கள். 27 கன அடி. தாத்தா தோப்பில் லீவு நாளில் நானும் வெட்டியிருக்கிறேன். ஒரு குழி முடிப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்து, மறுநாள் சோற்றைப் பிசைய முடியாது. ஸ்டான்லி வெட்டுகிற வட்டக் குழி கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 98 கன அடி வரும். மூன்றரைத் தென்னங்குழிக்கு மேல். காய்ந்த மண் என்றாலும் நான்கு டன் தேறும். அதை ஒரு பதின்வயதுப் பையன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரே நாளில் வெளியே எடுக்கிறான். அதுவும் நம்மூர் மண்வெட்டி மாதிரி ஓங்கி வெட்டி இழுக்கிற கருவி இல்லை. குத்தி, மிதித்து, அள்ளி, வீசுகிற ஷவல்.

வெட்டியவர்களுக்கு மட்டுமே தெரிகிற ஒரு விஷயத்தை சாக்கர் எழுதியிருக்கிறார். இறுகிக் கிடக்கிற மண் வெளியே வந்ததும் பருத்துவிடும். குழி சின்னதாகத் தெரியும், குவியல் மலையாக நிற்கும். கரையில் பக்கத்திலேயே போட்டால் ஆழம் போகப்போக மண் திரும்ப உள்ளே சரியும். எட்டப் போட வேண்டும். எட்டப் போடாதவன் அதே மண்ணை இரண்டாம் தடவை அள்ளுவான். ஸ்டான்லி முதல் நாள் அள்ளுகிறான். டெக்சஸ் வெயிலில் இருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று சாக்கர் சொல்லியிருக்கிறார். ஆளை யோசிப்பதற்கு முன் இடத்தை யோசித்தாராம். படிக்கும்போது அது தெரிகிறது. படத்தில் அந்த இடம் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கிற ஒரு வறண்ட ஏரிப்படுகை. நிலம் முழுக்க அம்மைத் தழும்பு போட்ட மாதிரி குழிகள். ஒரே ஒரு காட்சியில் பையன்கள் எத்தனை வருடமாக அங்கே வந்துபோயிருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

சரி, அந்த மூன்று கதைகள்.

முதலாவது ஸ்டான்லி யெல்நட்ஸ். தெருவில் நடந்து போகும்போது பாலத்தின் மேலிருந்து ஒரு ஜோடி ஷூ தலையில் விழுகிறது. பேஸ்பால் வீரர் ஒருவர் வீடற்ற பிள்ளைகளுக்காக ஏலம் விடக் கொடுத்த ஷூ. திருட்டுப்பட்டம், வழக்கு, முகாம். வீட்டில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. அவர்கள் குடும்பத்தில் எது கெட்டுப்போனாலும் பழி கொள்ளுத்தாத்தாவின் அப்பா மேல் விழும். பன்றி திருடிய அந்தப் பாவியால் வந்த சாபம்.

இரண்டாவது அந்தப் பாவி, எல்யா. லாட்வியாவில் பதினைந்து வயதுப் பையன். மைரா என்கிற பெண்ணின் மேல் ஆசை. போட்டிக்கு ஐம்பத்தேழு வயதுப் பன்றிப் பண்ணைக்காரர், இருப்பதிலேயே கொழுத்த பன்றியைப் பரிசமாகத் தருகிறேன் என்கிறார். எல்யாவிடம் ஒன்றுமில்லை. மேடம் ஸெரோனி என்கிற ஒற்றைக்கால் கிழவி ஒரு நோஞ்சான் குட்டியைக் கொடுத்து, தினமும் இதை மலைமேல் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஓடுகிற ஓடையில் தண்ணீர் காட்டு, இந்தப் பாட்டைப் பாடு, குட்டி வளர வளர நீயும் பலமாவாய், கடைசியில் என்னையும் ஒருநாள் தூக்கிப் போ, அந்த ஓடைத் தண்ணீரை நானும் குடிக்க வேண்டும் என்கிறாள். மறந்தால் உன் வம்சமே விளங்காது. அவன் கடைசி நாள் மலையேறாமல் குளித்துவிட்டுப் பெண் கேட்கப் போகிறான். இரண்டு பன்றியும் ஒரே எடை. சரி, பெண்ணே முடிவு செய்யட்டும் என்று விட்டால், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் நினைத்திருக்கிறேன், சொல்லுங்கள் என்கிறாள் அந்தப் புண்ணியவதி. எல்யாவுக்கு வெறுத்துவிடுகிறது. பன்றியைக் கல்யாணப் பரிசாக விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறான். கிழவிக்குக் கொடுத்த வாக்கு நடுக்கடலில்தான் ஞாபகம் வருகிறது.

கவனித்தீர்களா? அவன் பன்றி திருடவே இல்லை. கிழவி சும்மா கொடுத்தது. நாலு தலைமுறையாகக் குடும்பம் திட்டுவது, செய்யாத குற்றத்துக்கு. ஷூ திருடாமல் முகாமுக்குப் போகிறவனின் முன்னோர் பன்றி திருடாமல் பாவி ஆனவர். நாவல் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. நானே இரண்டாவது வாசிப்பில்தான் பிடித்தேன்.

மூன்றாவது கதை அந்த ஏரி ஏரியாக இருந்த காலம். பீச் மரங்கள் பூக்கும் ஊர். கேத்தரின் பார்லோ என்கிற வெள்ளைக்கார டீச்சர், பீச் பழத்தில் மசாலா சேர்த்து பாட்டிலில் அடைத்து வைப்பதில் கைராசிக்காரி. சாம் என்கிற கறுப்பின வெங்காய வியாபாரி, கழுதை வண்டியில் ஊரெல்லாம் சுற்றுகிறவன். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் சரிசெய்கிறான், ஜன்னல், மேசை, கதவு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறான். ஒருநாள் இருவரும் முத்தமிட்டுக்கொள்வதை யாரோ பார்த்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் எரிகிறது. காப்பாற்றச் சொல்லி கேத்தரின் ஷெரிஃபிடம் ஓடினால், குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் தனக்கும் ஒரு முத்தம் கேட்கிறான். சாம் ஏரியில் படகோடு சுடப்படுகிறான். மூன்றாம் நாள் அவள் அவனைச் சுட்டுக் கொன்று, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு அந்த முத்தத்தைக் கொடுக்கிறாள். அதிலிருந்து அவள் கொள்ளைக்காரி. சாம் செத்த அன்றைக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.

இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வெவ்வேறு இனத்தவர் மணம் செய்வதைத் தடுக்கிற சட்டம் டெக்சஸில் உண்மையிலேயே இருந்தது. 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லித்தான் அந்த மாதிரிச் சட்டங்கள் எல்லாம் செத்தன. டிஸ்னி பெயர் போட்ட குடும்பப் படத்தில், பிள்ளைகள் பாப்கார்ன் தின்றுகொண்டு பார்க்கிற இடத்தில், ஒரு கறுப்பின இளைஞனை ஊர்க்கும்பல் கொல்வதை வைத்திருக்கிறார்கள். ரத்தம் காட்டவில்லை, ஆனால் மழுப்பவும் இல்லை. டூலே ஹில்லும் பட்ரீஷியா ஆர்கெட்டும் நடித்த அந்தப் பகுதி மொத்தமே சில நிமிடங்கள்தான். சாகசப் படத்துக்குள் இது எப்படி உட்கார்ந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

நான் படத்தை இரண்டாம் முறை பார்த்தது அண்ணன் மகளோடு. எட்டாம் வகுப்பு. நாவலை அவள் எனக்கு முன்னாலேயே முடித்திருந்தாள். சாம் சுடப்பட்டதும் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, "சித்தப்பா, மழை நின்னா ஊர்ல எல்லாருக்கும்தானே கஷ்டம்? அந்த டீச்சருக்கும்தானே?" என்றாள். நாவலும் அந்த இடத்தில் வாசகரைப் பார்த்து ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது: கடவுள் யாரைத் தண்டித்தார், நீயே முடிவு செய். கேட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நானும் பதில் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு.

சிலப்பதிகாரத்தைப் பள்ளிப் பாடத்திலேயே படித்து வளர்ந்த நமக்கு ஊழ்வினை புதிதில்லை. முன்பிறவியில் சங்கமன் மனைவி இட்ட சாபம் மதுரை வரை துரத்தி வரும் என்று ஒப்புக்கொண்டவர்கள் நாம். அதனால் இந்த நாவலைத் தமிழில் வளர்ந்த ஒருவர் படிப்பது கொஞ்சம் வேறு மாதிரியான படிப்பு என்று நினைக்கிறேன். சாபம் பலிக்குமா என்று நாம் சந்தேகப்படுவதில்லை. எப்போது தீரும் என்றுதான் பார்க்கிறோம். சாக்கரோ இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறார். ஸ்டான்லியின் அம்மாவுக்குச் சாபத்தில் நம்பிக்கையே கிடையாது. ஆனால் எல்யாவின் வாரிசு மேடம் ஸெரோனியின் வாரிசை மலைமேல் தூக்கிப்போன மறுநாள், பழைய ஷூவோடு வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்த ஸ்டான்லியின் அப்பா கால் நாற்றத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, தற்செயல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம் என்கிற தோரணையில் நகர்ந்துவிடுவார்.

கிழவியின் அந்த வாரிசுதான் ஸீரோ. முகாமில் யாரோடும் பேசாத, எழுதப் படிக்கத் தெரியாத பையன். குழி வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஸ்டான்லியிடம் வந்து எழுத்து சொல்லித்தரக் கேட்கிறான். பதிலுக்கு உன் குழியில் கொஞ்சம் நான் வெட்டுகிறேன் என்கிறான். மொத்தம் இருபத்தாறு எழுத்து என்று தெரிந்தவுடன், நாளுக்கு ஐந்து என்றால் ஐந்து நாள், கடைசி நாள் மட்டும் ஆறு என்று கண் சிமிட்டுவதற்குள் கணக்குச் சொல்கிறான். மக்கு என்று எல்லோரும் முத்திரை குத்திய பையன். படத்தில் க்லியோ தாமஸ் இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார். பெரும்பாலும் வெறும் பார்வைதான், வசனமே குறைவு. எனக்கு ஷயா லபூஃபின் ஸ்டான்லியை விட இவரைத்தான் பிடித்தது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து மற்ற பையன்கள் கிண்டல் செய்வார்கள்: வெள்ளைப் பையன் உட்கார்ந்திருக்கிறான், கறுப்புப் பையன் அவனுக்காகக் குழி வெட்டுகிறான். கிண்டல்தான். ஆனால் சாமின் கதை தெரிந்த வாசகருக்கு அது சிரிப்பாக இல்லை. ஸ்டான்லிக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இவ்வளவையும் திரைக்கதையில் கட்டியவர் சாக்கரேதான். அதற்கு முன் அவர் திரைக்கதை எழுதியதில்லை. முதலில் 'டானி டார்கோ' எடுத்த ரிச்சர்ட் கெல்லியிடம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் உலகம் அழிந்த பிறகு நடக்கிற மாதிரி பயங்கர இருட்டாக ஒன்றை எழுதிக் கொடுக்க, அது வேண்டாம் என்றாகிவிட்டது. படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் படமாகாமல் போனது நல்லதற்கே. டேவிஸ் 'தி ஃபியூஜிட்டிவ்' எடுத்தவர், குழந்தைகள் படத்துக்குப் பெயர்போனவர் இல்லை. அதுவே உதவியிருக்கிறது. பிள்ளைகளைக் கொஞ்சுகிற கேமரா இந்தப் படத்தில் இல்லை. சிகோர்னி வீவர் செய்த வார்டன், பாம்பு விஷம் கலந்த நகச்சாயத்தைப் பூசிக்கொண்டு, காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்று நிதானமாக விளக்கிவிட்டு, ஈரம் காயும் முன் முகாமின் மேற்பார்வையாளர் மிஸ்டர் ஸர்ரின் முகத்தில் கீறுகிற காட்சியை எத்தனை பேர் சின்ன வயதில் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தார்களோ. வில்லன் பல்லிகளாக நடித்தவை மட்டும் பாவம். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்து வீடுகளில் செல்லமாக வளர்கிற பியர்டட் டிராகன்கள். மஞ்சள் புள்ளி வைத்து விட்டிருக்கிறார்கள்.

ஒரு இடத்தில் படம் நழுவிவிட்டது. நாவலில் ஸ்டான்லி குண்டுப் பையன். பள்ளியில் தன்னைவிடச் சின்னவன் ஒருவனிடம் தினம் அடி வாங்குகிறவன். ஆசிரியர்களே அதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். குழி வெட்ட வெட்ட உடம்பு இறுகுகிறது. படத்தில் அவன் முதல் காட்சியிலேயே ஒல்லி. வளர்கிற வயதில் இருக்கிற நடிகரை உடம்பு ஏற்றி இறக்கச் சொல்ல முடியாது, படப்பிடிப்பும் கதையின் வரிசையில் நடப்பதில்லை. நியாயமான காரணம். ஆனாலும் இழப்பு சின்னதில்லை. எல்யா தினம் கொஞ்சம் கனம் கூடுகிற பன்றியைச் சுமந்துதான் கிழவியைத் தூக்கும் பலத்தைச் சேர்க்கிறான், சேர்த்தும் தூக்காமல் போகிறான். ஸ்டான்லி தினம் மண்ணைச் சுமந்து சேர்த்த பலத்தில் ஸீரோவைத் தூக்குகிறான். தண்டனைக்காக வெட்டிய குழிகள்தான் அவனுக்கு அந்தப் பன்றி. தொளதொள உடம்போடு வந்தவன் இந்த மலையை ஏறுகிறான் என்றால்தான் அந்தக் கணக்கு நேராகிறது. படத்தில் ஏற்கெனவே ஓடியாடுகிற பையன் ஏறுகிறான். காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, எர்த்தா கிட்டின் முகமும் குரலும் மேடம் ஸெரோனிக்கு அமைந்த மாதிரி வேறு யாருக்கும் அமையாது. ஆனால் நாவலில் அந்த இடம் வந்தபோது எனக்குத் தொடை வலித்தது, படத்தில் வலிக்கவில்லை.

நாவலின் கடைசிப் பகுதியில் சாக்கர் சில விவரங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மிச்சக் குழிகளை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று கையை உதறிவிடுவார். படத்தால் அப்படி உதற முடியாது. எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். அப்படிக் காட்டியதில் ஒன்று நாவலை விட மேல். வார்டனின் குடும்பம் கேத்தரின் புதைத்த கொள்ளைப் பணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டுகிற குடும்பம். சின்ன வயதில் தன் பெற்றோர் வார இறுதியெல்லாம் தோண்டியதையும், வளர்ந்ததும் தானும் தோண்டியதையும், கிறிஸ்துமஸ் அன்றுகூட விடவில்லை என்பதையும் அவள் நாவலின் முடிவில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போவாள். படம் அதைச் சில நொடிக் காட்சியாக்கியது. வெயிலில் ஒரு சின்னப் பெண், கையில் ஷவல், அலுத்துப்போச்சு தாத்தா என்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய, தோண்டு என்று கத்துகிறார் தாத்தா. அதுவரை ராட்சசியாகத் தெரிந்த பெண்ணுக்கும் ஒரு முன்னோர் சாபம் இருந்திருக்கிறது. யெல்நட்ஸ் வீட்டார் திட்டிச் சிரித்துத் தாங்கிக்கொண்டார்கள். இவர்கள் அதை ஊர்ப்பிள்ளைகளின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தச் சில நொடிதான் இன்றைக்குப் படத்தை விடப் பிரபலம். இணையத்தில் மீமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவிலும் வந்து விழுந்தது. அனுப்பியவர் கணக்குப் பிரிவில் இருக்கிற ஒரு சீனியர். "சார், இது எந்தப் படம் தெரியுமா?" என்று கேட்டேன். "படமா? நான் ஏதோ விளம்பரம்னு நெனச்சேன் தம்பி" என்றார். பேர் சொன்னேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எல்யா கதையைப் பாதி சொன்னேன். ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் நினைத்த பெண்ணிடம் வந்ததும் சாம்பாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தப் பன்னி என்னாச்சு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.